ஸ்டெல்லா ரிமிங்டன் எழுதாமல் விட்ட நாவல்

போன மாதம் எங்கள் வாசகர் சந்திப்பில், இப்போது என்ன வாசிக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது ஸ்டெல்லா ரிமிங்டன் என்றேன். "யாரு அது?" என்றார் ஒரு மூத்த எழுத்தாளர். பிரிட்டனின் எம்.ஐ.5 உளவுத்துறைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண், ஓய்வு பெற்ற பிறகு உளவு நாவல்கள் எழுதினார் என்று விளக்கினேன். "ஓ, துப்பறியும் கதையா? அதெல்லாம் ரயில்ல படிச்சிட்டு சீட்டுலயே வெச்சிட்டு வர்ற சரக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

கூட்டம் முடிந்து கீழே கடையில் தே தாரேக் குடிக்கும்போது ஒரு தோழி சமாதானம் சொன்னார். "அவரு கெடக்குறாரு. ஆம்பளைங்க ராஜ்ஜியத்துல ஒரு பொண்ணு தலைவியா வந்து, அதுக்கப்புறம் பன்னண்டு நாவல் எழுதியிருக்கு. அதுக்கே கொண்டாடணும்."

இந்த இரண்டு பேச்சுக்கும் எதிராகத்தான் இதை எழுதுகிறேன். ஒருவர் வாசிக்காமலே தள்ளுகிறார், இன்னொருவர் வாசிக்காமலே கொண்டாடுகிறார். இரண்டிலும் பிழைத்துக்கொள்வது அந்தப் பன்னிரண்டு நாவல்கள்தான். யாரும் அவற்றைத் திறந்து, அம்மா, இதில் என்ன எழுதியிருக்கிறீர்கள், எதை எழுதாமல் விட்டீர்கள் என்று கேட்பதில்லை.

நான் ரிமிங்டனைத் தேடிப் போனதற்குக் காரணம் இலக்கியம் இல்லை, என் தாத்தா. பேராக்கில் ஒரு கித்தாத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சங்க வேலைகளில் கொஞ்சம் ஈடுபாடு உண்டு. அறுபதுகளில் ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் லயத்துக்கு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் விட்டுவிட்டார்கள். அடிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, எந்தக் கல்யாணத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டார், அப்போது என்ன பேசினார் என்பதுவரை ஒரு தாளிலிருந்து வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்த தாத்தாவுக்கு அதற்கப்புறம் வாழ்க்கையில் ஒரே கேள்விதான் இருந்தது: "எவன்டா சொன்னது?" அந்தப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய உயிர் நண்பர். அவரோடு தாத்தா முப்பது வருடம் பேசவில்லை. ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது.

அந்தத் தாளை எழுதிய கை எப்படிப்பட்டது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் அரிப்பு. என்ன பசியாறிவிட்டு வந்து அதை எழுதினார்? சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு என்ன பேசினார்? கோப்பின் அந்தப் பக்கத்திலிருந்து வந்து எழுதியவர்கள் குறைவு. அதில் பெண்கள் மிகவும் குறைவு. அந்தத் துறையின் உச்சிக்கே போன பெண் ஒருவர் நாவல் எழுதியிருக்கிறார் என்றால் நான் எப்படி வாசிக்காமல் இருப்பேன்?

எங்கோ இங்கிலாந்துக்காரர், நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எம்.ஐ.5 லண்டனோடு நின்ற அமைப்பு இல்லை. 1946இல் தூரக்கிழக்குக்கென்று தனி அலுவலகத்தையே சிங்கப்பூரில் திறந்தது. காலனிகள் விடுதலையான பிறகும் காமன்வெல்த் தலைநகரங்களில் தொடர்பு அதிகாரிகளை வைத்திருந்தது. டில்லியில் இருந்த அப்படி ஓர் அதிகாரியின் அறையில்தான் ரிமிங்டனின் உளவு வாழ்க்கையே தொடங்கியது.

1935இல் லண்டனில் பிறந்தவர். போர்க்காலக் குண்டுவீச்சில் வளர்ந்து, எடின்பரோவில் ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு ஆவணக் காப்பாளராகப் பயிற்சி பெற்றார். பழைய தாள்களைப் பிரித்து அடுக்கிப் பெயரிட்டு வைக்கிற வேலை. 1965இல் கணவரின் தூதரகப் பணிக்காக டில்லிக்குப் போனார். 1967இல் அங்கிருந்த ஓர் அதிகாரி, அலுவலக வேலையில் எனக்குக் கொஞ்சம் உதவ முடியுமா என்று கேட்டார். அந்த அதிகாரி எம்.ஐ.5-இன் ஆள். பகுதிநேரத் தட்டச்சு வேலையாக ஆரம்பித்தது, 1969இல் லண்டன் திரும்பியதும் நிரந்தர வேலையானது.

அங்கே பட்டம் பெற்ற ஆணை நேராக அதிகாரியாகச் சேர்த்துக்கொள்வார்கள். பட்டம் பெற்ற பெண்ணுக்கு உதவி அதிகாரி வேலைதான். ஏஜெண்டுகளைச் சந்தித்துக் கையாளுவது பெண்களுக்கு ஒத்துவராது என்பது எழுதப்படாத விதி. எழுபதுகளின் தொடக்கத்தில் பெண்கள் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. ரிமிங்டன் உள்ளே போனார். எதிர் உளவு, கீழறுப்பு எதிர்ப்பு, பயங்கரவாத எதிர்ப்பு என்று மூன்று பிரிவுகளிலும் இருந்தார். 1992இல் தலைமை இயக்குநர். பெயர் வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட முதல் எம்.ஐ.5 தலைவரும் அவர்தான். அதற்குப் பரிசாகப் பத்திரிகைக்காரர்கள் அவர் வீட்டைக் கண்டுபிடித்தார்கள், அவர் வீடு மாற வேண்டி வந்தது. 1995இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஜூடி டெஞ்ச் நடித்த 'எம்' பாத்திரத்துக்கு இவர்தான் முன்மாதிரி என்பார்கள். 1996இல் ஓய்வு. 2001இல் 'ஓப்பன் சீக்ரெட்' என்ற தன்வரலாறு. அரசாங்கத்துக்கு அதில் கடும் அதிருப்தி. 2004இல் முதல் நாவல் 'அட் ரிஸ்க்', அப்போது அவருக்கு 69 வயது. லிஸ் கார்லைல் என்ற எம்.ஐ.5 அதிகாரியை வைத்து 2018 வரை பத்து நாவல்கள், பிறகு வேறொரு நாயகியை வைத்து இரண்டு. 2025 ஆகஸ்டில், 90 வயதில் இறந்தார்.

முதல் நாவலின் நன்றியுரையில் ஆய்விலும் எழுத்திலும் உதவியதாக லூக் ஜென்னிங்ஸ் என்ற எழுத்தாளருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். 'கில்லிங் ஈவ்' தொடருக்கு மூலமான கதைகளைப் பின்னாளில் எழுதியவர் இந்த ஜென்னிங்ஸ்தான். இதைப் பிடித்துக்கொண்டு "பாத்தியா, அவங்களே எழுதல" என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. வாழ்நாள் முழுக்க அலுவலகக் குறிப்பு எழுதிய ஒருவர் 69 வயதில் கதை சொல்லக் கற்றுக்கொள்ள இன்னொருவர் உதவியை நாடியதும் அதை அச்சில் ஒப்புக்கொண்டதும் தப்பா என்ன? நம்ம ஊரில் முழுப் புத்தகத்தையும் திருத்தி எழுதிக் கொடுத்தவர் பெயர் எந்தப் பக்கத்திலும் வராது.

சும்மா சொல்லக்கூடாது, இந்த நாவல்களில் ரசிக்க நிறைய இருக்கிறது. லிஸ் கார்லைல் கூரைமேல் துப்பாக்கியோடு ஓடுகிறவள் இல்லை. கூட்டங்களுக்குப் போகிறாள், குறிப்பு எழுதுகிறாள், எம்.ஐ.6-காரன் தகவலை மறைக்கிறான் என்று எரிச்சலாகிறாள், மணிக்கணக்கில் காத்திருக்கிறாள். உளவு என்பது முக்கால்வாசி அலுவலக அரசியல் என்பது உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். ஒரு தகவலாளியை உட்கார வைத்து அவன் பயத்தைத் தணிக்கிற இடங்களில் லிஸ் காட்டுகிற பொறுமை வேறு எந்தத் திரில்லரிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே 'வாசிக்க எளிது, அதனால் மட்டம்' என்கிற வாதத்தை நான் ஏற்கவில்லை. அதே வாதத்தை ரிமிங்டனும் சந்தித்தார். 2011இல் மேன் புக்கர் பரிசின் நடுவர் குழுவுக்கு அவர் தலைவர். வாசிப்புச் சுவையையும் கணக்கில் எடுத்தோம், மக்கள் இந்தப் புத்தகங்களை வாங்கி வியந்து பார்த்துக்கொண்டிருக்காமல் வாசிக்க வேண்டும் என்ற பொருளில் அவர் பேசினார். லண்டன் இலக்கிய உலகம் கொதித்துவிட்டது. ஆலன் ஹாலிங்ஹர்ஸ்ட்டின் நாவல் இறுதிப் பட்டியலில் இல்லை, மாஸ்கோவை வைத்து எழுதப்பட்ட ஒரு திரில்லர் இருக்கிறது என்றால் விடுவார்களா? தரத்துக்காக வேறொரு பரிசே தொடங்குகிறோம் என்று ஒரு குழு கிளம்பியது. 2014இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஃபோலியோ பரிசு அப்படிப் பிறந்ததுதான். ரிமிங்டனும் சளைக்கவில்லை. பரிசளிப்பு மேடையில் பதிப்புலகத்தின் சூழ்ச்சிகளை கே.ஜி.பி.யின் வேலைகளோடு ஒப்பிட்டுப் பேசினார். கடைசியில் அவர் குழு பரிசு கொடுத்தது ஜூலியன் பார்ன்ஸுக்கு. அதைவிட 'இலக்கியமான' தேர்வு அந்த வருடம் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சண்டை முழுக்க வீண் என்பது என் கட்சி. ரிமிங்டனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வாசிப்புச் சுவையைப் பற்றியதே இல்லை. அந்தப் பெண்மணி இருபத்தேழு வருடம் மற்றவர்களின் வாழ்க்கையைத் தாளில் அடுக்கியவர். அவருடைய நாவல்களில் அந்தத் தாள்கள் எங்கே?

முதலில் ஒரு சின்ன விஷயம். ரிமிங்டனுக்கு இரண்டு மகள்கள். 1984இல் கணவரைப் பிரிந்த பிறகு அவர்களைத் தனியாக வளர்த்தார். தன்வரலாற்றுக் காலத்தில் அவர் சொன்ன ஒரு சம்பவம்: ரகசியமான ஒரு சந்திப்பு இருக்கிற நாளில், பிள்ளைக்கு வலிப்பு வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று செய்தி வருகிறது. சந்திப்பையும் விட முடியாது. கடைசியில் டாக்சிக்குக் காசில்லாமல், சந்திக்க வந்த ஆளிடமே கடன் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். உளவுக் கதையில் இதைவிட நல்ல காட்சியை யார் எழுத முடியும்? ஆனால் லிஸ் கார்லைலுக்குப் பிள்ளை கிடையாது. அவள் கதைக்குள் வரும்போதே பெண்கள் ஏஜெண்டுகளைக் கையாளுவது சாதாரணமாகிவிட்டது. பெண்கள் போராடித் திறந்த கதவு அங்கே ஏற்கெனவே திறந்தே கிடக்கிறது, யார் திறந்தது என்று யாரும் பேசுவதில்லை. என் தோழி கொண்டாடச் சொல்கிற அந்தப் போராட்டம் நாவல்களில் இல்லவே இல்லை. (ஓர் ஆண் இதைக் குறையாகச் சொல்வது எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.)

இனி பெரிய விஷயம். எண்பதுகளில் ரிமிங்டன் கீழறுப்பு எதிர்ப்புப் பிரிவில் மேல்நிலைப் பொறுப்பில் இருந்தார். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த காலம் அது. நாங்கள் வேலைநிறுத்தத்தைக் கண்காணிக்கவில்லை, அதைப் பயன்படுத்தி அரசாங்கத்தைக் கவிழ்க்க நினைத்த தலைவர்களை மட்டும்தான் கண்காணித்தோம் என்பது அவர் தரப்பு. இருக்கலாம். ஆனால் ஒரு தொழிற்சங்கத் தலைவரைக் கண்காணிப்பது என்றால் அவரோடு தொலைபேசியில் பேசுகிற ஒவ்வொருவரும் தாளில் ஏறுவார்கள், பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரும்கூட.

அதே எம்.ஐ.5-இல் அதே விவகாரங்களைக் கவனித்த இன்னொரு பெண் கேத்தி மாசிட்டர். அவர் வேலையை விட்டுவிட்டு, 1985இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் முகம் காட்டிப் பேசினார். அணு ஆயுத ஒழிப்பு இயக்கத்தைக் கண்காணித்தோம், தொழிற்சங்கக்காரர்களைக் கண்காணித்தோம், குடியுரிமைகளுக்கான தேசிய மன்றத்தைச் சேர்ந்த பேட்ரீசியா ஹியூவிட், ஹேரியட் ஹார்மன் போன்றவர்களுக்கும் கோப்பு வைத்திருந்தோம் என்றார். படத்தை முதலில் ஒளிபரப்பவே விடவில்லை. ஹியூவிட்டும் ஹார்மனும் வழக்கை ஐரோப்பிய மனித உரிமை ஆணையம்வரை கொண்டுபோனார்கள், அவர்களுடைய அந்தரங்க உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பானது. எம்.ஐ.5 என்ற அமைப்புக்குச் சட்டம் என்று ஒன்று வந்ததே 1989இல்தான். பின்னாளில் அந்த இரண்டு பெண்களும் அமைச்சர்களானார்கள்.

இப்போது ரிமிங்டனின் 2016 நாவலான 'பிரேக்கிங் கவர்'க்கு வாருங்கள். கதையைச் சொல்லிவிடுவேன், வாசிக்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அதில் ஜஸ்மிந்தர் கபூர் என்று ஒரு பெண் வருகிறாள். இந்திய வம்சாவளி, குடியுரிமை வழக்கறிஞர், அரசின் கண்காணிப்பை மேடைகளில் விமர்சிக்கிறவள். எம்.ஐ.6 அவளையே தன் மக்கள் தொடர்பு அதிகாரியாக வேலைக்கு எடுக்கிறது. பிரமாதமான தொடக்கம் இல்லையா? கேள்வி கேட்டவள் கோப்புகளுக்கு நடுவில் வந்து உட்காருகிறாள். இங்கேயாவது ரிமிங்டன் தன் பழைய வாழ்க்கையைத் தொடப்போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடப்பது என்ன? ஓர் அழகான ஆண் அவள் வாழ்க்கையில் வருகிறான், அவன் ரஷ்ய உளவாளி, அவள் வழியாக எதிரி உள்ளே நுழைகிறான். குடியுரிமை பேசுகிறவள்தான் கோட்டைச் சுவரில் இருந்த ஓட்டை! ஹியூவிட்டுக்கும் ஹார்மனுக்கும் ஏன் கோப்பு வைத்தீர்கள் என்று கேட்டால், அந்தக் காலத்து அதிகாரி இதே கதையைத்தான் நியாயமாகச் சொல்லியிருப்பார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் முடித்தேன்.

முன்னாள் உளவு அதிகாரி எழுதுகிற எதையும் துறைக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும், அதனால் அவரால் எழுத முடியவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஜான் லெ காரேவும் அங்கே வேலை பார்த்தவர்தான். 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' நாவலை அவரும் அனுமதிக்கு அனுப்பினார். இது முழுக்கக் கற்பனை, இதனால் ஆபத்தில்லை என்று துறை விட்டுவிட்டது. 1963இல் வெளிவந்த அந்தக் கற்பனை, தன் ஆளையே பலி கொடுக்கிற ஓர் அலுவலகத்தை உலகத்துக்குக் காட்டியது. மாணவராக ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது இடதுசாரி நண்பர்களைப் பற்றி எம்.ஐ.5-க்குத் தகவல் கொடுத்ததையும் லெ காரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அவர் நாவல்களில் நண்பனைக் காட்டிக்கொடுப்பவர்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்பது இரண்டு பேருக்கும் பொது. ஒருவர் அதற்குள்ளேயே தன் குற்றத்தை எழுதினார்.

ரிமிங்டனுக்குத் தெரியாததும் இல்லை. தேசிய அடையாள அட்டையால் யாருக்கும் பாதுகாப்பு கூடிவிடாது என்று 2005இல் சொன்னவர் அவர். மக்களைப் பயமுறுத்தி அவர்களுடைய சுதந்திரத்தைக் குறைக்கிறார்கள் என்று 2009இல் தன் நாட்டு அரசாங்கத்தையே ஒரு ஸ்பானியப் பத்திரிகையில் கண்டித்தவர் அவர். பேட்டிகளில் இருந்த அந்தப் பெண் நாவல்களுக்குள் நுழையும்போது மட்டும் பழைய அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு விடுகிறார். எனக்கு அவர்மேல் இருக்கிற கோபமெல்லாம் அதுதான்.

என் மூத்த எழுத்தாளர்மேல் இருக்கிற கோபம் இதைவிடப் பெரிது. 'ரயில் சரக்கு' என்று அவர் தள்ளியதால் ஜஸ்மிந்தர் கபூரைப் பற்றிக் கேட்க யாரும் இல்லை. கோடிக்கணக்கான பேர் போலீஸும் உளவும் எப்படி யோசிக்கும் என்று கற்றுக்கொள்வது நம்முடைய சீரிய நாவல்களிலிருந்து இல்லை, இந்த மாதிரிப் புத்தகங்களிலிருந்தும் அவற்றிலிருந்து எடுக்கிற தொடர்களிலிருந்தும்தான். இசா சட்டம் 1960இலிருந்து 2012வரை இருந்த நாட்டில், 1987இல் லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் உள்ளே போட்ட நாட்டில் உட்கார்ந்துகொண்டு, உளவு நாவல் நமக்குச் சம்பந்தமில்லாத வகைமை என்று ஓர் எழுத்தாளர் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த லாய் டெக், பிரிட்டிஷாருக்கும் உளவாளி, பிறகு ஜப்பானியருக்கும் உளவாளி. 1942 செப்டம்பரில் பத்துமலை அருகே கூடிய தன் தோழர்களையே ஜப்பானியருக்குக் காட்டிக்கொடுத்தார். 1947இல்தான் குட்டு வெளிப்பட்டது. நாம் பால்குடம் எடுக்கிற அதே பத்துமலைதான். லெ காரே பிறந்த ஊரில் இது நடந்திருந்தால் இதற்குள் பத்து நாவல் வந்திருக்கும். நம்மிடம் தமிழில் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நான் வாங்கி வாசிக்கிறேன்.

எழுதுகிற வயதில் இருக்கிறவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள் என்பதால் கேட்கிறேன். உங்களில் யாராவது உளவு நாவல் எழுதினால், தயவுசெய்து நாயகி கைத்துப்பாக்கியோடு கோலாலம்பூரில் ஓடுவதிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு பொண்ணு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருக்கட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல். தாளில், ஒரு தோட்டத்துக் கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு வரி.

தாத்தா 1997இல் இறந்தார். அந்த நண்பர் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் போட்டிருந்த பெஞ்சில் காடி வரும்வரை உட்கார்ந்திருந்தார். என் பாட்டி ஒரு குவளை கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நான் சொல்லலம்மா" என்றாராம். பாட்டி ஒன்றும் பேசாமல் குவளையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.